பந்து போன பிறகும் வீச்சு முடியவில்லை: கோல்ஃப் ஃபாலோ-த்ரூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலது கைக்காரர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். இடது கைக்காரர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஃபாலோ-த்ரூ என்று இங்கே சொல்வது பந்தில் பட்ட கணத்திலிருந்து உடல் அசைவற்று நிற்கும் கணம் வரையான பகுதி. அந்தக் கடைசி நிற்கும் நிலையை ஃபினிஷ் என்கிறோம்.

பந்துதான் போய்விட்டதே, அதற்கப்புறம் கை எங்கே போனால் என்ன?

கேள்வி நியாயமானது. கிளப்பின் (பந்தை அடிக்கும் கோலின்) முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ 0.0005 வினாடிதான். தொலைதூரத்துக்கு அடிக்கும் டிரைவர் கிளப்பின் தலை வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த நேரத்தில் அது நகர்வது 2 சென்டிமீட்டர். அந்த 2 சென்டிமீட்டரைத் தாண்டியபின் நீங்கள் எதைச் செய்தாலும் பந்துக்குத் தெரியாது. 45.93 கிராமுக்கு மேற்படாத அந்தச் சிறு பந்து திசை, வேகம், சுழற்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். பின்வீச்சின் உச்சியிலிருந்து கிளப் பந்துக்கு இறங்கி வர சுமார் கால் வினாடி ஆகிறது. ஒன்றைக் கண்டோ உணர்ந்தோ உடலைத் திருத்திக்கொள்ள மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி வேண்டும். ஆக, இறங்கும் வழியில் எதையும் சரிசெய்ய நேரமில்லை. வீச்சு தொடங்கும் முன் மூளையில் என்ன திட்டம் இருந்ததோ அதுதான் நடக்கும். 'பந்தை அடிக்க வேண்டும்' என்பது திட்டமானால் பந்துதான் கடைசி நிறுத்தம். கைகளும் தோள்களும் அதற்கு முன்பே பிரேக் போடத் தொடங்கிவிடும். 'இடது தோளுக்குப் பின்னால் கிளப்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்' என்பது திட்டமானால் பந்து வழியில் நிற்கும் ஒன்று, அவ்வளவுதான். பந்தின் இடத்தில் வேகம் குறையாது.

வேகப்பந்து வீச்சாளர் பந்தைக் கையிலிருந்து விட்ட பிறகும் நான்கைந்து எட்டு ஓடித்தான் நிற்கிறார். விட்ட இடத்திலேயே நிற்கச் சொன்னால் அவரால் அந்த வேகத்தில் வீசவும் முடியாது, முதுகும் தாங்காது. கோல்ஃபிலும் காரணங்கள் இதே இரண்டுதான்: வேகத்தைக் கடைசிவரை காப்பது, அந்த வேகத்தை உடலுக்கு வலிக்காமல் இறக்கிவைப்பது.

நல்ல ஃபினிஷ் எப்படி இருக்கும்?

காலிலிருந்து மேலே வருவோம். எடையில் பத்தில் ஒன்பது பங்கு இடது காலில் இருக்கும். அதுவும் பாதத்தின் வெளி ஓரத்திலும் குதிகாலிலும்; விரல் நுனியில் அல்ல. வலது கால் பெருவிரல் நுனியில் நிற்கும். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு வலது ஷூவின் அடிப்பாகம் முழுவதும், அதில் ஒட்டிய புல்வரை தெரிய வேண்டும். பாதி அடிதான் தெரிகிறது என்றால் இடுப்பு இன்னும் திரும்பி முடிக்கவில்லை.

இரண்டு முழங்கால்களும் ஏறத்தாழ ஒட்டியிருக்கும். பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கும், அல்லது அதற்குச் சற்று இடப்பக்கம். வலது தோள்தான் இப்போது உடலில் இலக்குக்கு மிக அருகிலிருக்கும் பகுதி. முதுகு நிமிர்ந்திருக்கும். கைகள் இடது காதுக்குப் பின்னால், இரு முழங்கைகளும் மடங்கி, கிளப் தண்டு கழுத்துக்குப் பின்புறம் சாய்ந்திருக்கும். வலது பாதத்தைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினாலும் சாயாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் சமநிலை சரி.

பந்து தரையைத் தொடும்வரை அப்படியே நில்லுங்கள். டிரைவர் ஷாட் காற்றில் இருப்பது ஐந்தாறு வினாடி. மூன்று வினாடியாவது அசையாமல் நிற்க முடியாத வீச்சு, உங்கள் உடலுக்கு மிஞ்சிய வீச்சு. வேகத்தை 10 விழுக்காடு குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தூரம் குறையாது, ஏனென்றால் பந்து கிளப் முகத்தின் நடுவில் படத் தொடங்கும்.

அடித்த பிறகு அழகாக ஃபினிஷ் நிலைக்கு வந்து நின்றால் போதுமா?

போதாது. பயிற்சி இடமான ரேஞ்சில் இதை அடிக்கடி பார்க்கலாம்: பந்தில் பட்டதும் கை நின்றுவிடும், அரை வினாடி கழித்துக் கிளப்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நிற்பார்கள். அந்த ஃபினிஷ் எதையும் சொல்லாது. வீச்சின் வேகமே உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. வேகம் கொண்டுபோன ஃபினிஷில் கிளப் தண்டு முதுகைத் தொட்டு மெல்லத் துள்ளித் திரும்பும். தூக்கி வைத்த ஃபினிஷில் துள்ளல் இருக்காது.

பந்துக்கும் ஃபினிஷுக்கும் நடுவில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஓர் இடம் போதும்: பந்தைத் தாண்டிக் கிளப் தண்டு தரைக்குக் கிடையாக, இடுப்பு உயரத்துக்கு வரும் இடம். அங்கே இரு கைகளும் நீண்டிருக்க வேண்டும். முழு வீச்சில் இரண்டு முழங்கைகளும் ஒருசேர நீண்டிருப்பது இந்தச் சிறு பகுதியில் மட்டுமே. கிளப் தலையின் மூக்கு (தண்டிலிருந்து தள்ளியிருக்கும் நுனி) வானத்தைப் பார்க்க வேண்டும், அல்லது உங்கள் முதுகின் சாய்வுக்கு இணையாகச் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கலாம். கிளப் முகம் வானத்தைப் பார்த்தால், பட்ட கணத்தில் முகம் திறந்திருந்தது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பந்து வலப்பக்கம் போயிருக்கும். முகம் தரையைப் பார்த்தால் மணிக்கட்டு அதிகமாகச் சுருண்டுவிட்டது, பந்து இடப்பக்கம். பந்து கிளம்பும் திசையில் முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது கிளப் முகம்தான், அதனால் இந்த ஒரு நிறுத்தம் நிறையச் சொல்கிறது.

என் ஃபினிஷ் சரியில்லை என்கிறார்கள். எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபினிஷைத் திருத்துவதற்கு முன் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஃபினிஷில் தெரியும் குறை பெரும்பாலும் அங்கே பிறந்ததல்ல, அதற்கு முன்பே எங்கோ தொடங்கியது. நாங்கள் அதிகம் காண்பவை இவை.

வலது காலில் பின்னால் சாய்ந்து நிற்பது. பந்தைக் காற்றில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். உடல் பின்வாங்கும், வீச்சின் அடிமட்டப் புள்ளி பந்துக்குப் பின்னால் விழும், முதலில் மண், பிறகு பந்து. அல்லது ஏறிவரும் கிளப்பின் கீழ் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து தரையோடு ஓடும். பந்தை ஏற்றும் வேலையைக் கிளப்பின் சாய்மானம் பார்த்துக்கொள்ளும். அயர்ன் எனும் இரும்புத் தலைக் கிளப்பில் நல்ல வீச்சின் அடிமட்டம் பந்துக்கு முன்னால் 7 முதல் 10 சென்டிமீட்டரில் இருக்கும். பெயர்ந்த புல் பந்து இருந்த இடத்துக்கு இலக்குப் பக்கத்தில் கிடக்கும். வலது காலில் நின்றுகொண்டு இதைச் செய்யவே முடியாது.

இடது முழங்கை கோழி இறக்கைபோல் வெளியே மடங்குவது. 'சிக்கன் விங்' என்று ரேஞ்சில் சொல்வது இதைத்தான். கையைக் குறை சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி உடம்பு. மார்பு பந்தின் எதிரிலேயே நின்றுவிட்டால் கை போக இடமில்லை, அதனால் மடங்குகிறது. இன்னொரு காரணம் பிடி. இடது கை கிளப்பின் மேல் மிகவும் இடப்பக்கமாக இருந்தால் முகம் திறந்தே வரும். அதை மூடுவதற்காகக் கை முழங்கையை இழுத்துக்கொள்ளும். முதலில் பிடியைப் பாருங்கள். கிளப்பை முன்னால் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு முதல் இரண்டரை விரல் முட்டிகள் தெரிய வேண்டும். அதன்பின் இடது அக்குளில் ஒரு சிறு துண்டை வைத்து, இடுப்பிலிருந்து இடுப்பு வரை அரை வீச்சு. கிளப் மறுபக்க இடுப்பைத் தாண்டும்வரை துண்டு விழக்கூடாது. முழு வீச்சுக்கு இந்தத் துண்டைப் பயன்படுத்த வேண்டாம், அங்கே அது விழுவதுதான் இயல்பு.

முன்னால், விரல் நுனிக்குத் தள்ளாடுவது. இறங்கும்போது இடுப்பு பந்தை நோக்கி முந்தியிருக்கிறது. கைக்கு இடம் போதாமல் பந்து கிளப்பின் கழுத்தில் பட்டால் ஷேங்க். பின்புறத்தைச் சுவரில் லேசாகத் தொட வைத்துக்கொண்டு கிளப் இல்லாமல் வீசிப் பழகுங்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் தொடும், பின்வீச்சில் வலப்பக்கமும் ஃபினிஷில் இடப்பக்கமும் தொட வேண்டும். நடுவில் எங்காவது சுவரை முற்றிலும் விட்டு விலகினால் அதுதான் நீங்கள் தேடிய இடம்.

கிளப் இடது இடுப்பருகே தாழ்ந்து சுற்றிக்கொண்டு முடிவது, பந்து வலப்பக்கம் வளைந்து போவது. வெளியிலிருந்து உள்ளே வெட்டும் பாதை இது. தோள் முதலில் திறந்துவிடுகிறது. ஃபினிஷில் கையை வலிந்து உயர்த்தி இதைத் திருத்த முயல்வது வீண். பந்துக்குப் பின்னால், இலக்குக் கோட்டுக்கு வெளியே ஒரு காலி தண்ணீர் போத்தலை வைத்து, அதைத் தட்டாமல் இறங்கப் பழகினால் ஃபினிஷ் தானாக உயரும்.

எல்லாம் ஓரளவு சரி, ஆனால் வீச்சு மார்பு உயரத்தில் நின்றுவிடுகிறதா? இது பயம். பின்வீச்சை அளவுக்கு மீறி நீட்டிவிட்டு, பந்து அதிக தூரம் போய்விடுமோ என்று கடைசி நேரத்தில் இழுத்துப் பிடிப்பது. பின்வீச்சைக் குறையுங்கள்; முன்வீச்சைக் குறைக்காதீர்கள்.

'தலையைத் தூக்காதே' என்கிறார்களே, ஃபினிஷ் வரை தலை கீழேதான் இருக்க வேண்டுமா?

இல்லை. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டு இவ்வளவு கெடுதல் செய்த அறிவுரை கோல்ஃபில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தலையை வலுக்கட்டாயமாகக் கீழே பிடித்தால் தோள் திரும்பாது. தோள் திரும்பாவிட்டால் மார்பு நின்றுவிடும், கை மடங்கும், பாரம் முழுவதும் கழுத்திலும் கீழ்முதுகிலும் இறங்கும். அன்னிகா சோரன்ஸ்டாம் பந்தில் படும்போதே தலையை இலக்குப் பக்கம் திருப்பத் தொடங்கிவிடுவார். உலகின் முதல் நிலை வீராங்கனையாக அவர் இருந்ததை அது தடுக்கவில்லை. தலை உயரக்கூடாது, அவ்வளவுதான். திரும்பலாம். வலது தோள் மோவாயைத் தொட்டதும் அது தலையைத் தள்ளிக்கொண்டு போகட்டும்.

பந்தின் தலையைச் சீவுபவரிடம் 'தலையைத் தூக்கிவிட்டாய்' என்பார்கள். பல நேரங்களில் அவர் தூக்கியது தலையை அல்ல. இடுப்பு முந்தி முதுகு நிமிர்ந்திருக்கிறது, தலை அதோடு சேர்ந்து போயிருக்கிறது.

சிங்கப்பூர் வெயிலிலும் ஈரத்திலும் இது மாறுமா?

வீச்சு மாறாது, அதைக் கெடுக்கும் காரணங்கள் கூடும். முதலாவது வியர்வை. ஒன்பதாவது குழி வருவதற்குள் கையுறை நனைந்துவிடும். கிளப் நழுவுமோ என்ற எண்ணம் வந்தவுடன் பிடி இறுகும், முன்கை விறைக்கும், வீச்சு பாதியில் அறுபடும். வேகமாகச் சுழலும் 200 கிராம் டிரைவர் தலை கையை வெளிப்பக்கமாக 20 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு இழுக்கிறது. நழுவும் பிடியோடு முழு ஃபாலோ-த்ரூ செய்ய உடல் துணியாது, துணியவும் கூடாது. மூன்று கையுறைகள் கொண்டுபோய் மூன்று குழிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கழற்றியதைப் பைக்குள் அடைக்காமல் வெளியே காயவிடுங்கள். மழைத் தூறலில் தோல் கையுறையைவிட மழைக்கான துணிக் கையுறை நன்றாகப் பிடிக்கும். ரப்பர் பிடிகளை மாதம் ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் காயவிட்டால் ஒட்டும் தன்மை திரும்பும். வழவழவென்று பளபளப்பேறிய பிடியைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது காரணம் மேட், அதாவது செயற்கைப் புல் விரிப்பு. மரினா பே கோல்ஃப் திடல் 2024 ஜூன் இறுதியோடு மூடப்பட்ட பிறகு, கிளப் உறுப்பினர் அல்லாதவர்களுக்குப் புல்லில் அடிக்கும் வாய்ப்பு மேலும் சுருங்கிவிட்டது. பயிற்சியில் பெரும்பகுதி ரேஞ்ச் மேட்டில்தான். கான்கிரீட் மேல் விரித்த மேட்டில் கிளப் பந்துக்கு 5 சென்டிமீட்டர் முன்பே தரையில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். சத்தம் நன்றாக இருக்கும், ஃபினிஷும் கிடைக்கும். அதே வீச்சைக் கவ் கிராஸ் எனப்படும் அகல இலைப் புல்லில், முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் செய்தால் கிளப் புதைந்து நின்றுவிடும். 'ரேஞ்சில் வருகிறது, திடலில் வரவில்லை' என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் விளக்கம். பந்துக்குப் பின்னால் 10 சென்டிமீட்டரில் ஒரு மடித்த துண்டை வைத்து அடியுங்கள். துண்டு நகர்ந்தால் அது புல்லில் கெட்டுப்போகும் ஷாட்.

மேட்டில் மணிக்கட்டோ முழங்கையோ வலிக்கத் தொடங்கினால், அடி விழும் கணத்தில் கையைத் தளர்த்தி உடல் தப்பிக்கப் பார்க்கும். அந்தப் பழக்கம் பிறகு புல்லிலும் கூடவே வரும். வலி வந்தால் அன்றைக்கு அயர்னை வைத்துவிட்டு, பந்தை டீ எனும் சிறு முளை மேல் வைத்துப் பழகுங்கள்.

சிப், பங்கர், பட்டிங் எல்லாவற்றிலும் ஃபாலோ-த்ரூ வேண்டுமா?

வேண்டும், அளவு மட்டும் வேறு.

மணல் குழியான பங்கரில்தான் இது மிக முக்கியம். குழி இருக்கும் குட்டைப்புல் பரப்பான கிரீன் அருகிலுள்ள பங்கரில் கிளப் பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் மணலுக்குள் இறங்கி, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீள மணல் தகட்டைப் பெயர்த்து, அந்த மணல்தான் பந்தை வெளியே கொண்டுபோகிறது. மணல் கிளப்பை நிறுத்தப் பார்க்கும். நீங்களும் சேர்ந்து நிறுத்தினால் பந்து அங்கேயே கிடக்கும். கைகள் குறைந்தது மார்பு உயரம்வரை வர வேண்டும். மழைக்குப் பின் நம் பங்கர்களில் மணல் கட்டியாக இறுகியிருக்கும். அப்போது மணலுக்கான கிளப்பான சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் துள்ளிப் பந்தின் நடுவில் பட்டுவிடும். முகத்தை அதிகம் திறக்காமல், சற்றுக் குறைவான வேகத்தில், ஆனால் அதே முழு ஃபினிஷோடு அடியுங்கள்.

கிரீன் அருகிலிருந்து அடிக்கும் சிறு ஷாட்டான சிப்பில் பின்னால் முழங்கால் உயரம் போனால் முன்னாலும் முழங்கால் உயரமாவது வர வேண்டும். முடிவில் கிளப் தலை கைகளைத் தாண்டிப் போயிருந்தால் மணிக்கட்டு சுண்டிவிட்டது என்று அர்த்தம்.

கிரீனில் பந்தை உருட்டிவிடும் பட்டிங்கில் பின்னால் 20 சென்டிமீட்டர் என்றால் முன்னால் 20 முதல் 25. சிறிய பின்வீச்சோடு பந்தைக் குத்தித் தள்ளுவது வேண்டாம். வீச்சு முடிந்த இடத்திலேயே பட்டரை நிறுத்தி வைத்துவிட்டு, பந்து குழியில் விழும் சத்தத்தை முதலில் காதால் கேளுங்கள். இரண்டு மீட்டருக்குள் உள்ள பட்டுகளில் தலை அசையாமலிருக்க இது ஒன்றே போதும்.

வேண்டுமென்றே ஃபாலோ-த்ரூவைக் குறைப்பது உண்டா?

உண்டு. எதிர்காற்றிலும், கிளைகளுக்கு அடியிலும் பந்தைத் தாழ்வாக அனுப்ப வேண்டியிருக்கும். ஒன்று அல்லது இரண்டு எண் குறைந்த கிளப்பை எடுத்து, பந்தை ஒரு பந்தளவு வலப்பக்கம் தள்ளி வைத்து, முக்கால் வீச்சு. கைகள் மார்பு உயரத்தில், தண்டு இலக்கை நோக்கி நீண்டபடி முடியும். டைகர் உட்ஸின் 'ஸ்டிங்கர்' இந்த வகைதான். இங்கேயும் உடல் திரும்பி முடிக்கிறது, எடை இடது காலுக்கு வந்துவிடுகிறது. குறைவது கைகளின் பயணம் மட்டும். இடுப்பும் சேர்ந்து நின்றுவிட்டால் அதற்குப் பெயர் குறைந்த ஃபினிஷ் அல்ல, பாதியில் விட்ட வீச்சு.

ஆர்னால்ட் பால்மர் கிளப்பைத் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இறக்கைபோல் சுழற்றி முடிப்பார். பந்து இடப்பக்கம் வளைந்துவிடாமல் கிளப் முகத்தைத் திறந்தே வைத்திருக்க அவர் உடல் கண்டுபிடித்த வழி அது. கேரி பிளேயர் அடித்த வேகத்தில் வலது காலை முன்வைத்து நடந்தே போய்விடுவார். பாடப்புத்தகப் படம் போல் இல்லாத ஃபினிஷ் எல்லாம் தவறல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா, எடை இலக்குப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அதைத் தொடாதீர்கள்.

ரேஞ்சில் ஒரு கூடை, 100 பந்து. எப்படிப் பயன்படுத்துவது?

முதல் பந்தை எடுக்கும் முன் பந்தில்லாமல் ஃபினிஷ் நிலைக்குப் போய் நின்று, அங்கிருந்து கிளப்பைப் பின்னோக்கி மெல்லக் கொண்டுவந்து, பந்து இடம், பின்வீச்சு உச்சி என்று தலைகீழாகப் போங்கள். பிறகு உச்சியிலிருந்து அதே வழியில் மீண்டும் ஃபினிஷ். ஐந்து முறை. போய்ச்சேர வேண்டிய இடம் எது என்று உடம்புக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

அடுத்து வெட்ஜில் 20 பந்து, இடுப்பிலிருந்து இடுப்புவரை, பாதங்களை ஒட்டி வைத்து. கைகளை மட்டும் வீசினால் இந்த நிலையில் விழப்போவீர்கள், அதுவே பாடம். 7 அயர்னில் 30 பந்து, 70 விழுக்காடு வேகம், ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி ஃபினிஷ். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு 7 அயர்னிலேயே 10 பந்து, கேரி பிளேயரைப் போல் அடித்துவிட்டு வலது காலால் முன்னே ஓர் எட்டு. எடை பின்னால் தங்கும் பழக்கத்துக்கு இதைவிட விரைவான மருந்து இல்லை. ஆனால் ரேஞ்ச் மேடை விளிம்பில் கவனம், மேல்தளத்தில் செய்யவே வேண்டாம்.

டிரைவருக்கு முன் அதைத் தலைகீழாக, தலைப்பக்கத் தண்டில் பிடித்து ஐந்து முறை வீசுங்கள். 'விஷ்' என்ற சத்தம் பந்து இருக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ கேட்க வேண்டும். வலது தோள் பக்கத்திலேயே கேட்டால் வேகத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டீர்கள். அதன்பின் டிரைவரில் 20 பந்து. மிஞ்சிய 20 பந்துகளில் ஒவ்வொன்றுக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள், திடலில் இரண்டு முறை ஒரே ஷாட் வருவதில்லை.

வீட்டில் பழக முடியுமா?

வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் டிரைவரைச் சுழற்ற வேண்டாம். மின்விசிறியும் தொலைக்காட்சியும் இருக்கட்டும். புளோக் கீழ்த்தளத்திலும் வேண்டாம், அங்கே ஆட்கள் நடமாட்டம். கிளப்புக்குப் பதில் ஒரு குளியல் துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு வீசுங்கள். முடிச்சு இடது தோளைத் தாண்டி முதுகில் 'பட்' என்று அடித்தால் வீச்சு முழுமை. கை நின்றால் துண்டு தொய்ந்து விழும், ஏமாற்ற முடியாது. நாளுக்கு 20 முறை போதும்.

கைப்பேசியில் படம் எடுத்து எப்படிப் பார்ப்பது?

இரண்டு கோணம். மார்புக்கு நேர் எதிரில் ஒன்று, இலக்குக் கோட்டில் கைகளுக்கு நேர் பின்னால் ஒன்று. கைப்பேசி இடுப்பு உயரத்தில், சுமார் 3 மீட்டர் தூரத்தில், சாயாமல் நிற்க வேண்டும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனிலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் டிரைவர் தலை 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், அதனால் பந்தில் படும் கணத்தைத் தேடாதீர்கள். ஃபாலோ-த்ரூவில் தண்டு கிடையாக வரும் படத்தையும் ஃபினிஷையும் நிறுத்திப் பாருங்கள். தண்டு வில்போல் வளைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம், கேமரா வரிவரியாகப் படம் பிடிப்பதால் வரும் தோற்றம் அது.

அப்பாவுக்கு 60 வயதுக்கு மேல். இடுப்பு அவ்வளவு திரும்பாது, முதுகும் வலிக்கிறது. முழு ஃபினிஷ் தேவையா?

அவர் உடல் அனுமதிக்கும் முழு ஃபினிஷ் தேவை. 1970களில் ஜாக் நிக்லாஸ் காலத்தில் முதுகைப் பின்னால் வளைத்து, இடுப்பு முன்தள்ளி முடிப்பது பரவலாக இருந்தது. அதை இன்று யாருக்கும், குறிப்பாக அவருக்கு, சொல்லிக்கொடுக்கக் கூடாது. கீழ்முதுகுக்கு அது தண்டனை. நெட்டாக, தோள் இடுப்புக்கு நேர் மேலே இருக்கும்படி முடிக்கச் சொல்லுங்கள்.

மூன்று சிறு மாற்றங்கள் உதவும். நிற்கும்போதே இடது பாதத்தை 20 முதல் 30 பாகை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் இடுப்பு எளிதில் திரும்பும், முழங்காலும் முறுக்கப்படாது. பின்வீச்சில் இடது குதிகால் தரையை விட்டு எழட்டும். ஃபினிஷில் வலது கால் தானாக ஓர் எட்டு முன்வந்தால் வரட்டும். பந்தில் பட்டதும் வீச்சை வெடுக்கென்று நிறுத்துவதுதான் முதுகுக்கும் முழங்கைக்கும் கேடு. அத்தனை வேகமும் ஒரு சாண் தூரத்தில் தசைகள்மேல் இறங்குகிறது. நீண்டு முடிந்தால் அதே வேகம் பல மடங்கு தூரத்தில் மெல்ல வடியும். வலி தொடையிலோ காலிலோ பரவினாலோ, இரவில் எழுப்பினாலோ கிளப்பை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஃபாலோ-த்ரூவில் கிளப் பந்தை மறுபடி தொட்டுவிட்டால் தண்டனை உண்டா?

இப்போது இல்லை. 2019 முதல் விதி 10.1ஏ-இன்படி தற்செயலாக இரண்டு முறை பட்டால் ஒரே அடியாகத்தான் கணக்கு, பந்தைக் கிடக்கும் இடத்திலிருந்து ஆடலாம். முன்பு கூடுதலாக ஓர் அடி சேரும். 1985 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில், ஓக்லண்ட் ஹில்ஸ் திடலில், தைவானின் டி.சி. சென் 4 அடி முன்னிலையோடு ஐந்தாவது குழிக்கு வந்தார். கிரீன் அருகே அடர்ந்த புல்லிலிருந்து சிப் செய்தபோது, மெல்ல எழும்பிய பந்தை ஃபாலோ-த்ரூவில் கிளப் மறுபடி தட்டியது. 4 அடியில் முடிக்க வேண்டிய (பார் 4) குழியில் 8 எடுத்தார், போட்டியை ஆண்டி நார்த்திடம் ஓர் அடியில் இழந்தார்.

அடர்ந்த புல் கிளப்பைத் தடுத்து, பந்து மெதுவாக எழும்பும்போதுதான் இது நேரும். அங்கே முகத்தைச் சற்றுத் திறந்து, கிளப்பைச் செங்குத்தாக இறக்கி, ஃபாலோ-த்ரூவில் கிளப் தலையை இடப்பக்கமாக, பந்தின் பாதையை விட்டு விலக்கிக் கொண்டுபோங்கள்.